ஜன்னல் கம்பியில் மாட்டிய பெல்ட்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மாவும் நலம்தான், ஆனால் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள், முழங்கால் என்பாள். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன். போன் இருக்கும்போது இந்த மனிதர் எதற்குப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது பாப்பா, முகத்தைப் பார்த்தால் நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், கட்டடத்துக்குச் சாரம் கட்டப் பத்தாம் வகுப்பே அதிகம் என்று சொல்லிப் படிப்பை நிறுத்தியவன் நான்.

தலையில் மாட்டிக்கொள்ளும் அந்தக் கண்ணாடி வந்து இரண்டு மாதம் பீரோ மேலேயே கிடந்தது. அதற்குள் இருப்பது உங்கள் கம்பெனி செய்யும் விளையாட்டு, சுவர் ஏறலாம், மாடிக்கு மாடி தாவலாம், ஆளுக்கும் பலகைக்கும் நிஜம்போல எடை கொடுப்பது உன் வேலை. எங்கே பொய்யாகத் தெரிகிறது என்று சொல்லுங்கப்பா, உங்களுக்குத்தான் உயரம்னா பிடிக்குமே என்று நீ சொல்லியிருந்தாய். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் அம்மா அதை இறக்கித் தூசு தட்டி, பெத்த பொண்ணு அனுப்பினதை இப்படிப் போட்டு வெச்சா என்ன அர்த்தம் என்று கேட்டாள். சாரச் சாமான் அடுக்கும் எங்கள் யார்டில் வேலை பார்க்கும் வெல்டர், ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவோமே, அவன்தான் வந்து எல்லாம் இணைத்துக் கொடுத்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா, சிரிக்காதே, பரணிலிருந்து, சாரத்தில் ஏறும்போது கட்டும் என் பழைய பெல்ட்டை எடுத்து இடுப்பில் கட்டி, அதன் கொக்கியை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கண்ணாடியைப் போட்டேன். நம் வீடு தரைத்தளம். தரையிலேர்ந்து எங்க மேஸ்திரி விழப் போறீங்க என்று ஒட்டடைக்குச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

உள்ளே ஒரு ஊர் இருந்தது பாப்பா. விடிகிறதா இருட்டுகிறதா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம், மொட்டைமாடிகள் எல்லாம் பாலில் நனைத்து எடுத்த மாதிரி, கீழே தெருவே இல்லை, மேகம்தான். சிமெண்ட் தூசி இல்லை, கலவை மெஷின் சத்தம் இல்லை, காதோரம் காற்று மட்டும். என் காலைக் குனிந்து பார்த்தேன், கால் இல்லை, தொப்பையும் இல்லை, அது ஒரு லாபம். இரண்டு வெள்ளைக் கைகள் மட்டும் எனக்கு முன்னால் மிதந்தன. கையை வீசினால் ஓடலாம் என்றாயே, வீசினேன், வீசிய வேகத்தில் நிஜமாகவே நாலு அடி ஓடியிருக்கிறேன், பெல்ட் சுண்டி இழுத்துக் கட்டிலில் மல்லாத்தியது. உன் அம்மா வந்து கொக்கியைக் கழற்றிவிட்டு, என் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டு, போங்க, நான் இருக்கேன் என்றாள்.

போனேன். பழக்கம் விடுமா, ஒவ்வொரு பைப்பையும் தட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்துப் பிறகுதான் பிடித்தேன், மற்றவர்கள் ஒரு நிமிஷத்தில் கடக்கிற இடத்துக்கு எனக்கு அரை மணி ஆனது. ஒற்றைக் கையில் தொங்கும்போது உடம்பு ஆடி ஆடி மெதுவாக நிற்கிறதே, அது உன் வேலையா? அந்த இடத்தில் எனக்குத் தோள்பட்டை வலித்தது. அங்கே பொய்யே இல்லை. ஆனால் மூன்றாவது மாடிக்குப் போகும் பலகை பிசகு. கால் வைத்ததும் படக்கென்று ஒடிகிறது. பலகை அப்படி ஒடியாது பாப்பா. முதலில் நடுவில் தொய்யும், பிறகு தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், அதற்குப் பிறகு ஒரு மூச்சு விடும் நேரம் கொடுக்கும். அந்த ஒரு மூச்சு உன் விளையாட்டில் இல்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ வெளிநாடு போன மறுமாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேனே, பாவம் அந்த பாத்ரூம், அதன் மேல் வீண் பழி. நான் விழுந்தது இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து. நாலு அடி தள்ளி ஒரு ஸ்பேனர் கிடந்தது, நாலே அடிதானே என்று கொக்கியைக் கழற்றினேன். பலகை சொன்னது, எனக்குக் கேட்கவும் கேட்டது. முப்பது வருஷம் அடுத்தவனைப் பார்த்துக் கொக்கி கொக்கி என்று கத்தியே கொக்கி மேஸ்திரி என்று பெயர் வாங்கியவன் நான். கீழே மணல் குவியல் இருந்ததால் இடுப்பு எலும்போடு போயிற்று, நான் விழுந்த அச்சு ஒரு வாரம் அழியாமல் இருந்ததாம், ஆட்கள் மரியாதையாகச் சுற்றிப் போனார்களாம். எலும்பு கூடிவிட்டது, மனசு கூடவில்லை. இப்போது யார்டில் உட்கார்ந்து கிளாம்புக்கு எண்ணெய் போடுகிறேன். வீட்டில் பல்பு போனால் உன் அம்மாதான் ஸ்டூலில் ஏறுகிறாள், நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறேன்.

உன் இருபத்திரண்டாம் மாடி வீட்டையும் அந்தக் கண்ணாடிச் சுவரையும் போட்டோவில் பார்த்தபோதே எனக்கு உள்ளங்கால் கூசியது. அங்கே வரச் சொல்லி நீ கேட்டபோதெல்லாம் அம்மாவின் முழங்கால், லீவு, பாஸ்போர்ட் போட்டோவில் திருடன் மாதிரி இருக்கிறேன், நான் சொன்ன அத்தனையும் சாக்கு. போன முறை நீ கூப்பிட்டுவிட்டு, சரிப்பா, உங்க இஷ்டம் என்று குரலை இறக்கினாய், அது இன்னும் காதில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போய்விட்டாய் என்று எனக்கு இன்னும் கோபம் என நினைக்கிறாய். கோபம் இல்லை பாப்பா, பயம். நீ கோபம் என்று நினைத்தது எனக்குக் கௌரவமாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். உங்கப்பன் லட்சணம் அது.

அந்தப் பலகை ஒடிந்ததும் விழுந்தேன். மேகம் என்னைச் சுற்றி மெல்ல மேலே போயிற்று, வெள்ளைக் கைகள் இரண்டும் முகத்துக்கு மேலே மிதந்துகொண்டிருந்தன, வானம் இறங்கி இறங்கி வந்தது. நிஜத்தில் விழுந்தபோது எதையும் பார்க்கவில்லை பாப்பா, அவ்வளவு வேகம். இந்த முறை எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்து முடித்தபோது பழைய மாடியிலேயே நின்றுகொண்டிருந்தேன், பலகை முழுசாக இருந்தது, முதுகில் உன் அம்மாவின் பிடி அப்படியே இருந்தது. இன்னும் நாலு முறை விழுந்தேன், அதில் கடைசி ஒன்று நானாகவே கையை விட்டது. ஆறாவது முறை பலகையை நம்பாமல் தாவி அந்தப் பக்கம் போய், விளிம்பில் வெகுநேரம் நின்றேன். சுவத்தைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறீங்க என்றாள் உன் அம்மா.

அதனால் டிக்கெட் போடு. ஜன்னல் சீட்டை அம்மாவுக்குக் கொடு. பெல்ட்டைக் கொண்டுவர மாட்டேன், விமான நிலையத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்கிறாள். நீ போகிற வழியெல்லாம் உறுதியாக இருக்கட்டும், நினைத்த இடம் கைக்கு எட்டட்டும். அந்தப் பலகைக்கு ஒரு மூச்சு நேரம் சேர்க்க மறக்காதே. நாங்கள் வந்த முதல் நாள் அந்தக் கண்ணாடிச் சுவரின் திரையை மூடியே வை, மறுநாள் பாதி திற. மூன்றாம் நாள் நானே கண்ணாடிப் பக்கம் வருகிறேன், நீ பின்னாலிருந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்.

இப்படிக்கு,
கொக்கியைக் கழற்றிவிட்ட
உன் அப்பா