மச்சான், என் வயிற்றுக் கொழுப்பு முழங்காலுக்குப் போயிற்று

அன்புள்ள கணபதி மச்சான்,

கண்ணை மூடிப் போன இடத்திலும் நீ சிரித்துக்கொண்டுதான் இருப்பாய். இன்னும் சிரிக்க ஒன்று வைத்திருக்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாதே; நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

என் வலது முழங்கால் நினைவிருக்கிறதா? வெல்லாவெளி வயல் வட்டையில் வெள்ளம் வரம்பை உடைத்த அன்று வழுக்கி விழுந்தேனே, அதே கால். அன்று நீ நீலக் கட்டம் போட்ட சாறன் கட்டியிருந்தாய். போன மாரியோடு அந்தக் கால் மடங்க மறுத்துவிட்டது. வயலை ஆளிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கச் சொன்னாள் உன் தங்கச்சி. வயலைப் பார்க்காமல் நான் எப்படி இருப்பேன்?

கொழும்பில் ஒரு ஆசுபத்திரியில் புது வைத்தியம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று அறிந்து போனோம். வயிற்றில் கொஞ்சம் கொழுப்பெடுத்து, அதிலிருக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்து, முழங்காலுக்குள் ஊசியால் விடுவார்களாம். தேய்ந்த இடம் ஆற அவை உதவக்கூடுமாம். என் வயிறோ முதுகோடு ஒட்டியது. உன் வயிறு இருந்திருந்தால் வட்டையில் உள்ள அத்தனை காலுக்கும் காணும்!

மகன் சட்டையைத் தூக்கித் தொப்பையைத் தட்டினான். "என்ட வயித்துல எடுங்க டொக்டர்."

"டேய், பிள்ளை தாய்ட குடி. நீ உன்ட மாமன்ட ஆள். என்ட குடி எண்டா தங்கச்சிட மகன்தான். அவனும் நல்ல கொழுத்தவன், கூப்பிடுவம்" என்றேன். கோயிலில் எதற்கெடுத்தாலும் தாய்வழியில் வருகிற குடி எதுவென்று கேட்கிற ஊர்க்காரன் நான், உடம்புக்குக் கேட்கமாட்டார்களா?

டொக்டர் நம் பக்கத்து ஏறாவூர் முஸ்லிம் பெண்பிள்ளை. வாய்விட்டுச் சிரித்தாள். "எங்கட ஊரிலயும் குடி இருக்கு ஐயா. ஆனா இதுக்கு மகனும் வேணாம், மருமகனும் வேணாம். உங்கட கொழுப்புத்தான் வேணும். கொஞ்சம் கிடந்தாக் காணும்."

"எடுங்க மகள்," என்றாள் உன் தங்கச்சி. "இவ்வளவு காலமும் நான் போட்ட சோறு எங்க போச்சு எண்டு பார்ப்பம்."

"சுகம் வருமா மகள்?" என்று கேட்டேன்.

"சொல்லேலா ஐயா. சிலருக்கு நோவு குறையுது, சிலருக்கு இல்ல. அதத்தான் பார்க்கிறம்."

ஐந்து மாதமாயிற்று. நோவு முழுதாகப் போகவில்லை. ஆனால் நேற்றுக் காலை வரம்பில் ஏறினேன், மச்சான். மகன் கையை நீட்டியபடி பின்னால் வந்தான், நான் பிடிக்கவில்லை. பாதி வரம்பு நடந்து நின்றேன். கதிர் பால் பிடித்திருக்கிறது. இது ஊசியின் வேலையா, தினமும் செய்த பயிற்சியின் வேலையா? டொக்டருக்கே தெரியவில்லை. உனக்காவது தெரியுமா?

அறுவடைக்கு முன் மற்றப் பாதியையும் நடந்து பார்த்து உனக்குச் சொல்வேன். விழுந்தால், அதையும் மறைக்காமல் சொல்வேன்.

உன் தங்கச்சியைக் கட்டி உன் வீட்டுக்கே வந்து சேர்ந்த,
உன் மச்சான்