ம் கொட்ட ஓர் ஆள்

பேரனுடைய தாத்தாவுக்கு வணக்கத்துடன் எழுதுவது. முட்டிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? இங்கே நானும் பேரனும் சுகம். நீங்கள் தனியாகச் சமைத்துக்கொண்டு என்னை அனுப்பி வைத்த புண்ணியத்தில்தான் மகளால் புத்தகத்தைத் தொடவே முடிகிறது.

நர்ஸுக்குப் படித்தவள் இந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் உதவி ஆளாகத்தானே இருக்கிறாள். இந்த இங்கிலீஷ் பரீட்சையில் தேறினால் நர்ஸாகவே எடுப்பார்களாம். அதில் பேசியும் காட்ட வேண்டுமாம். அதற்குப் பழக, ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னைப் பரீட்சை அதிகாரியாக எதிரே உட்கார வைத்திருக்கிறாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவள் பேச ஆரம்பித்ததும் வழக்கம்போல ம் கொட்டிவிட்டேன்.

"அம்மா, அங்க யாரும் ம் கொட்ட மாட்டாங்க. கல்லு மாதிரி உக்காரு" என்றாள்.

நேற்றைய கேள்வி, நன்றி சொல்ல நினைக்கும் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்பது. நடுவில் "அப்பா" என்றவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள்.

"என்னடி?" என்றேன்.

"சின்ன வயசுல இங்கிலீஷ் பாடத்த சத்தமா வாசிப்பேன். ஒரு வார்த்தை புரியாட்டியும் அப்பா கடைசி வரி வரைக்கும் ம் கொட்டுவாரே, அதத்தாம்மா சொல்ல வந்தேன்."

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை பரீட்சை. முந்தின நாள் உங்களுக்குப் போன் செய்து இங்கிலீஷிலேயே பேசுவாள். நீங்கள் ம் கொட்டினால் போதும்.

பேரன் எழுந்துவிட்டான், நிறுத்துகிறேன். அவள் பேசி முடித்ததும் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.