வாசல் குளத்துப் படி

நீரடி நிலையம் மூன்று – பணிப் பதிவு
நவம்பர் 21, இரவு 9.40

உள்காற்று அழுத்தம் சரி. நன்னீர் இயந்திரம் நிறுத்தப்பட்டுள்ளது. வாசல் குளத்தில் லேசான ஏற்ற இறக்கம். படி நிலையாக உள்ளது. கரையிலிருந்து தகவல் இல்லை.

இவ்வளவுதான் வழக்கமாக எழுதுவது. தினமும் இதை எழுதுகிறவள் என் அம்மா சலேத். அவளும் வில்மா அக்காவும் மதியம் பம்பு இருக்கும் இறைப்பான் அறைக்குப் பழுது பார்க்கப் போனார்கள். அது கடலடியில் நடந்து போகிற தூரம். சாயங்காலம் திரும்பியிருக்க வேண்டும். நான் அமலி, ஒன்பதாம் வகுப்பு. நிலையத்தில் என்னோடு இருப்பது பொறுப்பாளர் கஸ்பார் மாமா மட்டும். எல்லாத் திரைகளையும் அணைக்கச் சொல்லியிருக்கிறார். மின்கலம் காற்றுக்கு வேண்டுமாம். நான் பதிவுத் திரையைப் போர்வைக்குள் வைத்து எழுதுகிறேன். பதிவில் ஒரு நாள் விட்டுப்போனால் அம்மாவுக்குப் பிடிக்காது.

இரவு 11.15

மேலே புயல். பதினெட்டு மீட்டர் ஆழத்திலும் தெரிகிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு நிலையம் தெரியாமல் இருக்கலாம். வாசல் குளம் என்பது எங்கள் தரையில் உள்ள சதுரத் திறப்பு. கடல் அதில் வந்து நிற்கும். உள்ளே இருக்கும் காற்று அழுத்துவதால் மேலே ஏறாது. போவதும் வருவதும் அது வழியாகத்தான். இப்போது ஒவ்வொரு பேரலைக்கும் குளம் ஓர் ஆள் உயரம் இறங்கி, மறுபடி விளிம்பு வரை ஏறுகிறது.

பழைய இரும்புப் படி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. பதிலுக்குக் கரையிலிருந்து வந்தது பிளாஸ்டிக் படி. மொட்டை மாடியில் பிள்ளைகளுக்கு வைக்கிற நீச்சல் தொட்டியின் படி, வேண்டும்போது தூக்கி எடுத்துவிடலாம். உள்ளே வெறும் காற்று. சும்மா விட்டால் மிதக்கும். அடிப்படியில் மணல் நிரப்பச் சொல்லிப் பக்கவாட்டில் படம் ஒட்டியிருக்கிறது. பவளத்திட்டுக்குப் பக்கத்தில் மணல் அள்ளத் தடை. நன்னீர் இயந்திரமோ நாள் முழுக்க உப்பைக் கக்குகிறது. கஸ்பார் மாமா உப்பளத்தில் வளர்ந்தவர். உப்பை இரட்டைப் பையில் கட்டி அடிப்படிக்குள் திணித்தார். பையைத் தொட்டுப் பார்த்துக் கொழகொழவென்று இருந்தால் மாற்ற வேண்டும். அது என் வேலை. மூன்று வருடமாக ஒரு குறையும் இல்லை.

இன்று மாலை தொட்டுப் பார்த்தேன். எல்லாம் கெட்டியாக இருந்தன.

நவம்பர் 22, இரவு 12.30

இறைப்பான் அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. மாமா ஒலிபெருக்கியில் போட்டார்.

"கஸ்பாரண்ணே, கேக்குதா? இங்க சுவரு விரிஞ்சிட்டு. முட்டளவு தண்ணி. வில்மாவுக்குத் தோள்பட்டை எறங்கிட்டு, ஒரு கை தூக்க மாட்டா. இருக்க முடியாது, கெளம்புதோம்."

"இந்த நீரோட்டத்துல எப்படித் தாயி வருவ?"

"தரையப் புடிச்சிட்டே வந்துருவோம். படி மட்டும் ஆடாம இருக்கணும். இவளால ஒத்தக் கையில தொங்க ஏலாது."

நேராக மேலே போகவும் முடியாது. வாரக்கணக்கில் இந்த அழுத்தத்தில் இருந்தவர்கள் உடனே மேலே போனால் இரத்தத்தில் குமிழி கட்டும். எங்கள் குளம் ஒன்றுதான் வழி.

மாமா விளக்கடித்துப் பார்த்தார். படியின் மேல் பக்கம் விளிம்புக் கொக்கியில் இருக்கிறது. கீழ்ப் பக்கத்துக்குப் பிடிமானம் எப்போதும் கிடையாது. எடைதான் அதைத் தொங்கவைக்கிறது. இப்போது அது கதவு போல மேலே வந்து வந்து போகிறது.

அடிப்படிக்குள் கை விட்டேன். காலிப் பைகள் வந்தன. அலையில் உரசி எல்லாம் கிழிந்திருந்தன. கட்டு அவிழவில்லை. உள்ளேதான் ஒன்றும் இல்லை.

இரவு 1.20

புது உப்பு இல்லை. இயந்திரம் நேற்றே நின்றுவிட்டது. சமையலறையில் இருந்த மிச்சத்தையும் கட்டிப் போட்டோம். பத்து நிமிடம்கூட நிற்கவில்லை.

அரிசி மூட்டை கட்டினோம். பருப்பு, மாமாவின் கருவிப்பெட்டி, இட்லிப் பாத்திரம். படி கொஞ்சம் அடங்கியது. பெட்டியின் பிடி உடைந்து அது கீழே போனது. இட்லிப் பாத்திரமும் போனது.

நான் படியில் நின்று அழுத்துகிறேன் என்றேன். மேலே நின்று பயனில்லை, தொங்குகிற பொருளுக்கு எடை அடியில் வேண்டும் என்றார் மாமா. அது எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

விளிம்புக்கு மேல் ஒரு சிவப்புக் கோடு உண்டு. குளம் அதைத் தாண்டினால் மின்பலகை நனையும், காற்றும் நின்றுபோகும். அப்போது படியை எடுத்துவிட்டுக் குளத்தின் மூடியை இறக்க வேண்டும். படி இருந்தால் மூடி இறங்காது. இது விதி. மாமா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறதா என்று யோசித்தேன். தெரியவில்லை.

இரவு 2.05

மீதி இருப்பது ஒரே ஓர் ஈயக் கச்சை. முங்குகிறவர்கள் மிதக்காமல் இருக்க இடுப்பில் கட்டுவது. மாமா அதை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். படி அடங்கும் வரை இறைப்பான் அறையிலேயே காத்திருக்கும் அம்மாவிடம் வானொலியில் பேசினார்.

"சலேத்து, நான் எதிர வாரேன்."

"வந்து? அங்க படிய யாரு பாப்பா, அந்தப் புள்ளையா? கச்சைய அவுத்துப் படில கட்டுங்க."

"பாதி வழியில காத்து தீந்துதுன்னா என்ன செய்வ?"

"நீங்க வந்தா மூணு பேருக்கும் படி கெடயாது. கட்டுங்கண்ணே. பத்தலைன்னா ஒங்க வயித்தையும் சேத்துக் கட்டுங்க, நல்லா நிக்கும்."

வில்மா அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. உடனே வலியில் கத்தினாள். மாமா சிரிக்கவில்லை. கச்சையை அவிழ்த்தார். முடிச்சு அவிழ நேரமானது.

பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி அமலி, தூங்கலியா?"

"இல்லம்மா."

"சரி. விளக்கக் குளத்துக்கு நேரா புடி. அசைக்காத."

"கை வலிக்கும்மா."

"மத்தக் கையில புடி."

இரவு 2.50

கச்சை கட்டியதும் படி பாதி அடங்கியது. சின்ன அலைக்கு நிற்கிறது. பெரிய அலைக்கு இன்னும் எழும்புகிறது. மாமா மேல்படிகளின் மேல்பக்கத்தில் சூடாக்கிய ஆணியால் ஓட்டை போட்டார். உள்ளே தேங்கிய காற்று குமிழியாக வெளியே வந்தது. இன்னும் கொஞ்சம் அடங்கியது. இனி இதை ஓர் ஆளால் சட்டென்று தூக்க முடியாது என்றார். மூடியைப் பற்றி அப்போதுதான் முதல்முறை பேசினார்.

"கோட்டைத் தொட்டா நான் மூடணும் அமலி. ஒனக்கு வெளங்குதா?"

விளங்குகிறது என்றேன்.

நீர் ஒருமுறை கோட்டைத் தொட்டது. அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். நானும் பார்க்காதது போல இருந்தேன்.

இரவு 3.25

எழுத ஐந்து நிமிடம்தான். விளக்கைக் கொக்கியில் மாட்டியிருக்கிறேன். அசைக்காதே என்றாள். கொக்கி அசைகிறது.

மூன்று மணிக்குக் கிளம்பி வழியில் இருக்கிறார்கள். முகமூடி வானொலியில் மூச்சு மட்டும் கேட்கிறது. நடுநடுவே அம்மா வில்மா அக்காவைத் திட்டுகிறாள்.

"கண்ண மூடாதட்டி. ஒங்கம்மாகிட்ட நான் என்ன பதில் சொல்ல? கால எடுத்து வையி."

"முடியலக்கா."

"முடியலன்னு நாளைக்குச் சொல்லு."

அம்மாவின் காற்று மாமாவின் திரையில் மஞ்சளில் இருக்கிறது. வில்மா அக்காவுடையது பச்சை. அம்மா எப்போதும் அதிகம் பேசுவாள், அதனால்தான் என்று மாமா சொன்னார். அது காரணம் இல்லை. அக்காவின் காற்று உருளையில் கசிவு இருந்ததாம். கிளம்பும்போதே அம்மா தன்னுடையதைக் கொடுத்து மாற்றிக்கொண்டாளாம். இதை அக்கா இப்போதுதான் சொன்னாள்.

மஞ்சள் சிவப்பாகிவிட்டது.

4.00க்குப் பிறகு, சரியாகப் பார்க்கவில்லை

வந்துவிட்டார்கள். குளத்துக்குக் கீழே இரண்டு வெளிச்சம் தெரிந்தது. நான் கத்தினேன். வானொலியைக் கேட்க வேண்டும் என்று மாமா என் வாயைப் பொத்தினார்.

வில்மா அக்கா படியைப் பிடித்தாள். அலை ஏறியது. படி அவளோடு சேர்ந்து கிடைமட்டமாக மேலே வந்தது. கை விட்டுவிட்டது. மறுபடி பிடித்தாள். மறுபடி அதே.

மாமா வயிற்றில் படுத்துக் கை நீட்டினார். எட்டவில்லை. கயிறு போட்டார். அவளால் ஒரு கையால் அதைக் கட்டிக்கொள்ள முடியவில்லை.

அம்மாவின் குரல் அமைதியாக இருந்தது.

"கஸ்பாரண்ணே, நான் அடிப்படியில என் இடுப்புக் கொளுத்த மாட்டிக்கிடுதேன். ஈயத்தோட நான் தொங்குனா படி எழும்பாது. இவ ஏறட்டும்."

"ஒங்கிட்ட காத்து இல்லயே."

"இருக்குறது போதும். சீக்கிரம் ஏறச் சொல்லுங்க."

இடுப்புக் கொக்கியை அடிப்படியில் மாட்டிக்கொண்டாள்.

படி நின்றது. அலை வந்தது, போனது. படி நேராகவே நின்றது. இரும்புப் படிகூட அப்படி நின்றதில்லை.

வில்மா அக்கா ஏறினாள். ஒரு படி. நின்றாள். அடுத்த படி. அம்மா கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"ஏறு. ஏறுட்டி. ஏறு."

மாமா கையைப் பிடித்துவிட்டார். இழுத்தார். அக்கா தரையில் விழுந்தாள். நான் குளத்துக்குள் இன்னும் இரண்டு வெளிச்சத்தைத் தேடினேன். ஒன்று மேலே வந்துவிட்டது என்பது மறந்துவிட்டது.

பெரிய அலை ஒன்று வந்தது. குளம் சிவப்புக் கோட்டைத் தாண்டித் தரையில் கொட்டியது. படி ஒருமுறை எம்பிக் கீழே இடித்தது. பிளாஸ்டிக்கில் ஏதோ மோதிய சத்தம் கேட்டது.

"ஏறு" நின்றுவிட்டது.

மாமா, "சலேத்து, கொளுத்தக் கழட்டு," என்றார். நிறையத் தடவை சொன்னார்.

விடிகிற நேரம்

மின்பலகை பாதி நனைந்துவிட்டது. விளக்கு மங்கல். மாமா மூடியை இறக்கவில்லை. ஈயம் இல்லாமலே குதித்தார். மிதந்து மிதந்து மேலே வந்தார். பிறகு தலைகீழாகப் படியைப் பிடித்துக்கொண்டே கீழே போனார். முதல் தடவை சும்மா வந்தார். இரண்டாம் தடவை கொளுத்தைக் கழற்றிவிட்டார். நானும் வில்மா அக்காவும் கயிற்றை இழுத்தோம். அக்கா ஒரு கையால்.

அம்மாவைப் படுக்க வைத்திருக்கிறோம். முகமூடிக் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. நெற்றியில் ஒரு வெட்டு. இரத்தம் அதிகம் இல்லை. கை குளிர்ந்திருக்கிறது. குளத்திலிருந்து வருகிறவர்களின் கை எப்போதும் குளிர்ந்துதான் இருக்கும்.

மாமா நெஞ்சை அழுத்துகிறார். வில்மா அக்கா எண்ணிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு வேலையும் தரவில்லை. அதனால் எழுதுகிறேன். போர்வை இல்லை. யாரும் பார்க்கவில்லை.

அக்கா எண்ணுவதை நிறுத்திவிட்டாள். மாமா நிறுத்தவில்லை.

அம்மாவைக் கழற்றியதும் படி மறுபடி எழும்பிவிட்டது. ஒவ்வொரு அலைக்கும் மேலே வந்து விளிம்பில் இடிக்கிறது. மூடியை இறக்க வேண்டுமானால் அதை எடுக்க வேண்டும். எடுக்க என்னால் முடியாது. மாமாவைக் கூப்பிட்டால் அவர் கையை எடுக்க வேண்டியிருக்கும்.

நான் கூப்பிட மாட்டேன்.