நெற்றி ரூபாய்

1987 அக்டோபர் 12, திங்கள்

விடாத மழை. ரேவா ஆறு கலங்கி ஓடுகிறது. சனிக்கிழமை நாந்தியிலிருந்து ஆக்லாந்து விமானம். பாக்கி வேலை: மாட்டை விற்க வேண்டும், கரண்ட் ஆபீஸ், சரசுவின் தையல் மெஷின், நெற்றி ரூபாய்.

க. மாமா வந்தார். வுனிமோனோவில் எங்கள் ஆட்களில் மூத்தவர். இத்தனை காலம் எங்கள் வீட்டில் இருந்த ரூபாயை இனி அவர் வைத்துக்கொள்வார். அதற்குமுன் நான் பார்த்து, நல்லதுதான் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தர வேண்டுமாம். தபால் ஆபீஸில் முப்பது வருஷம் காசு தட்டிப் பார்த்தவன், பழங்காசுப் பைத்தியம் வேறு.

"போறவங்க எல்லாத்தயும் சுருட்டிக்கிட்டுப் போறாங்கன்னு பேச்சு மாப்ள. உம்பேரு கெடக்கூடாது. நவுசோரித் தட்டாரும் ஒரு ஒரசு ஒரசிப் பாக்கட்டும்."

நல்ல மனுஷன்தான். இருந்தும் எரிச்சல்.

13, செவ்வாய்

பாலத்தில் ராணுவம், ஆட்சியைப் பிடித்ததிலிருந்து இப்படித்தான். பையைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே "புலா" என்று வணக்கம் சொன்னான் ஒருவன். பக்கத்து வீட்டார் சிட்னி போய் மூன்று வாரம். அவர்கள் நாய் பூட்டிய கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. குரைப்பதில்லை. குரைத்தால் தேவலை.

மஞ்சள் துணியை அவிழ்த்தேன். இருபது வருஷமாக என் அலமாரியில் இருந்தும் நான் தொட்டதில்லை. சாவு விழாத நாளில் அவிழ்க்கக் கூடாது. விழுந்தாலும் பெண்கள்தான் எடுத்து வைப்பார்கள், இங்கே அது என் மனைவி சரசுவின் வேலை. இந்தத் தீவின் கரும்புக்கு ஆள் ஏற்றி மதராஸிலிருந்து வந்த கப்பலில் யாரோ மடியில் கட்டிக்கொண்டு வந்த விக்டோரியா ராணி ரூபாய். யார் செத்தாலும் சந்தனம் தொட்டு இதை நெற்றியில் ஒட்டுவோம். பிணத்தைத் தூக்குமுன் எடுத்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி, திரும்ப முடிந்து வைப்போம்.

பார்த்தது:
மேசையில் போட்டேன். டக். வெள்ளி என்றால் மணி மாதிரி இழுக்கும்.
என் சேகரிப்பில் ராணி ரூபாய் கிடையாது; ராஜா தலை போட்ட நல்ல ரூபாயோடு தராசில். இது மேலே போகிறது.
ராணியின் கன்னத்தில் பொடிப்பொடிக் குழி. வார்ப்பில் விழுவது.
விளிம்பில் ஒட்டுக்கோடு.
தாளில் தேய்த்தால் பென்சில் கறுப்பு. வெள்ளீயத்தில் கொஞ்சம் காரீயம்.

கள்ளக் காசு. சரசுவிடம் சொல்லவில்லை. ஊரை விட்டுப் போகிறவன் நான், அலமாரி என்னுடையது. திருடன் என்றுதான் சொல்வார்கள்.

14, புதன்

சாவுப் படங்கள். பெட்டியில் வைத்துச் சுற்றிலும் நின்று எடுத்த படம் இங்கே எல்லார் வீட்டிலும் உண்டு. போகிறவன் ஞாபகத்துக்குக் கேட்கிறான் என்று நினைத்துக் கொடுத்தார்கள். ரூபாயை எடுத்த பிறகுதான் படம் எடுப்பது. லென்ஸ் வைத்து நெற்றி நெற்றியாகப் பார்த்தேன்.

அப்பா, சுத்தம். பெரியப்பா, சுத்தம். முத்தம்மா அக்கா, கறுப்பு வட்டம். அவளுக்குப் பின் எட்டுப் பேர், எல்லாருக்கும் அதே இடத்தில் அதே வட்டம். முத்தம்மா அக்கா நெற்றியைப் பார்த்து, "சாமி முத்திர போட்டுருக்கு" என்று கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

ஒன்பது பேருக்கும் கண் மூடித்தான் இருக்கிறது. இருந்தும் படங்களைக் கவிழ்த்து வைத்தேன்.

பெரியப்பாவுக்கும் முத்தம்மா அக்காவுக்கும் நடுவே ஒரே ஒரு சாவு. எங்கள் மகள் வசந்தா. ஆறு வயது. காய்ச்சல். அவளைப் படம் எடுக்க நான் விடவில்லை.

15, வியாழன்

மத்தியானம் சரசு கடைக்குப் போயிருந்தாள். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. சந்தனம் குழைத்து ரூபாயை என் நெற்றியில் ஒட்டிக்கொண்டு பாயில் மல்லாந்தேன். முதலில் குளிர்ச்சி. பிறகு கனம் தெரியவில்லை. கையைத் தூக்கித் தொட்டுப் பார்க்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. மழைச் சத்தம் எங்கோ தூரத்தில். எவ்வளவு நேரமோ.

கதவருகே சரசு. கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பழகிய கையால் காசை எடுத்தாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். கறுப்பு போகவில்லை. திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"நெசமானது வசந்தாகிட்ட இருக்குங்க."

நான் எழுந்திருக்கவில்லை.

"எல்லார் நெத்தியிலேருந்தும் எடுத்திருக்கேன். எம்புள்ள நெத்தியிலேருந்து எடுக்க வரல. கைக்குள்ள வச்சு மூடிட்டேன். எங்கண்ணன் பல்செட்டு கட்டுற கடையில இருந்தாருல்ல, அன்னிக்குக் காலையிலயே அச்சு எடுத்துக்கச் சொல்லிட்டேன். அதுல வார்த்ததுதான் இது."

சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை. புதைத்தோம். பதினேழு வருஷம் என் பக்கத்தில் படுத்திருக்கிறாள், ஒரு வார்த்தை வரவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். அழுகைதான் வந்தது.

"சொன்னா தோண்டிருவாங்க" என்றாள்.

தோண்டுவார்கள். அது ஊர் ரூபாய். க. மாமா அழுதுகொண்டே மண்வெட்டி எடுப்பார். தடுக்க நாங்கள் இங்கே இருக்க மாட்டோம். நல்லது என்று எழுதிக் கொடுத்தாலோ, தட்டார் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடிப்பார்.

16, வெள்ளி

வெயில். க. மாமா வீட்டில் ஏழு பேர். மஞ்சள் துணி முடிச்சையும் எழுதிய சீட்டையும் முன்னால் வைத்தேன். 'வார்ப்பு. கள்ளக் காசு.' மாமா இரண்டு தடவை படித்தார்.

"அப்ப நெசமானது எங்க மாப்ள?"

சரசு வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"நாந்தான் மாமா. சுவாவுல வித்துட்டேன்."

யாரும் திட்டவில்லை. மாமா எழுந்து வெளியே போனார். வாசலில் கிடந்த என் செருப்பைக் குனிந்து தெருப்பக்கம் திருப்பி வைத்தார்.

திரும்பும்போது புதைகாட்டு வழி. வசந்தா மேல் புல் அடர்ந்து கிடக்கிறது, மண் கலையவில்லை. சரசு உட்கார்ந்து, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவது போல் அந்தப் புல்லை நீவிவிட்டாள். என்னையும் நீவச் சொன்னாள்.

நாளை விடியற்காலை டாக்சி.