கன்னத்தில் வாங்காத பட்டம்

அரசரின் மாளிகை
மார்ட்டின் திருநாள், நவம்பர் 1140

அன்புள்ள அக்கா வில்பிர்காவுக்கு,

அப்பா போய் ஒரு வருடமாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொள், நல்ல செய்தி. அரசர் எல்லைக்கோமான் பட்டத்தைத் தோல்சுருளில் எழுதி, முத்திரையிட்டு எனக்குக் கொடுத்துவிட்டார். எனக்குப் பின் என் மகனுக்கு, அவனுக்குப் பின் அவன் மகனுக்கு.

ஆகவே அந்தக் கல் சடங்கு இனி வேண்டாம். குடியானவனின் சாம்பல் நிற அங்கியைப் போட்டுக்கொண்டு, கல்மேல் உட்கார்ந்திருக்கும் உழவனிடம் கன்னத்தில் அறை வாங்கினால்தான் நான் கோமான் என்றால், இங்கே எல்லாரும் சிரிப்பார்கள். சுருளை அனுப்பியிருக்கிறேன். கல்லருகே படித்துக் காட்டு, போதும். குளிர்காலம் முழுக்க என்னை இங்கேயே இருக்கச் சொல்கிறார் அரசர்.

இப்படிக்கு,
பெரெங்கர்,
கடவுள் அருளால் எல்லைக்கோமான், சாவா ஆற்றின் இரு கரைகளுக்கும் தலைவன், ஏழு கணவாய்களின் காவலன்

---

கோட்டை
லூசியா திருநாள், டிசம்பர் 1140

தம்பி பெரெங்கருக்கு,

கையெழுத்துக்கு இத்தனை வரி எழுதியவனுக்கு, அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்க ஒரு வரி கிடைக்கவில்லை. இருக்கட்டும்.

படித்தேன். முன்னூறு உழவர்கள் பனியில் நின்று கேட்டார்கள். கல்மேல் திரகோமிர் உட்கார்ந்திருந்தான், அப்பாவை அறைந்த அதே திரகோமிர்தான். "தோலு வந்திருக்கு, சரி. ஆளு எங்கம்மா?" என்றான். எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கொள்ளுத்தாத்தா காலத்தில் எல்லைக்கோமான் என்பது ஒரு வேலை. எல்லையிலேயே கிடந்து கணவாயைக் காக்க வேண்டும், சரியாகக் காக்காவிட்டால் அரசர் பிடுங்கிக்கொள்வார். தாத்தா ஒழுங்காகக் காத்தார் என்றுதான் அப்பாவுக்குக் கொடுத்தார்கள். உனக்கு எதற்குக் கொடுத்தார்கள், விருந்தில் நன்றாகப் பாடினாய் என்றா?

அந்த அறைக்குப் பிறகுதான் மலையுச்சிகளில் எச்சரிக்கைத் தீ மூட்டும் கடமை இந்த உழவர்களுக்கு வருகிறது. பனி உருகினால் கிழக்கிலிருந்து குதிரைக்காரர்கள் கொள்ளையடிக்க வருவார்கள். தீ மூட்ட ஒருவனும் இல்லை. உடனே கிளம்பி வா.

உன் அக்கா,
வில்பிர்கா

---

அரசரின் மாளிகை
பிப்ரவரி, 1141

அக்காவுக்கு,

பட்டம் அரசர் கொடுப்பது, மாட்டுக்காரன் கொடுப்பதல்ல. தீ மூட்டாதவனைத் தூக்கில் போடு, மற்றவன் தானாக மூட்டுவான். ஈஸ்டர் விருந்து முடிந்ததும் வருகிறேன். கோட்டை முத்திரையை எடுத்து வை. உனக்குக் கன்னியர் மடத்தில் இடம் பேசிவிட்டேன்.

பெரெங்கர்,
கடவுள் அருளால் எல்லைக்கோமான், இரு கரைகளின் தலைவன், ஏழு கணவாய்களின் காவலன், அரசரின் நண்பன்

---

கோட்டை
ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, 1141

பெரெங்கருக்கு,

குதிரைக்காரர்கள் உன் விருந்துக்குக் காத்திருக்கவில்லை. ஆற்றைக் கடக்கிறார்கள் என்று வெள்ளிக்கிழமை காலையில் செய்தி வந்தது. அப்பாவின் சாம்பல் அங்கியைப் போட்டுக்கொண்டு கல்லுக்கு ஓடினேன்.

"யாரு வர்றது?" என்றான் திரகோமிர்.

"ஹார்ட்விக் மக வில்பிர்கா."

"இங்கயே இருப்பியா?"

"இருப்பேன்."

அறைந்தான். லேசாகத் தொடுவதுதான் வழக்கம். உனக்கு வைத்திருந்ததையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டான். மத்தியானத்துக்குள் ஏழு உச்சிகளிலும் புகை எழுந்தது. கணவாய்களை மரம் வெட்டிப் போட்டு அடைத்தோம், வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

ஆற்றோரத்து ஊர் மட்டும் அதற்குள் எரிந்துவிட்டது. உனக்குப் பால் கொடுத்து வளர்த்த ஸ்லாவிகா அங்கேதான் இருந்தாள். நேற்று புதைத்தோம். உச்சியில் ஒரு மணி நேரம் முன்னால் தீ தெரிந்திருந்தால் காட்டுக்குள் ஓடியிருப்பாள். இதை என்னால் மன்னிக்க முடியாது, முயற்சியும் செய்யப்போவதில்லை.

தோல்சுருளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பட்டத்தை நீயே வைத்துக்கொள், உன் மகனுக்கும் அவன் மகனுக்கும் கொடு. இங்கே வந்தால் கணவாயில் காவல்காரன் உன்னை யார் என்று கேட்பான். சுருளை நீட்டாதே, அவனுக்குப் படிக்கத் தெரியாது.

மடத்து இடத்துக்கு வேறு யாரையாவது பார்.

வில்பிர்கா,
எல்லையில் இருப்பவள்