உன்னிடம் திறந்த கை

என் அன்பு மச்சான் ஞானவேலுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. முப்பத்திரண்டு வயதில் ஒருவனுக்கு நெஞ்சு நின்றுபோகும் என்று யார் நினைத்தோம்? கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் வந்தபோது, யாருக்கோ வர வேண்டிய செய்தி தவறி எனக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்த அதிர்ச்சியே தீரவில்லை. அதற்குள் இன்னொன்று. போன செவ்வாய்க்கிழமை பவித்ராவை நானே சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனேன்.

மூளை முடக்குவாதத்தோடு பிறந்த என் மகளுக்கு எந்தப் பயிற்சி நல்லது என்பதில் நாம் ஒத்துப்போனதே இல்லையே. கடலூர் தெரபிஸ்ட் கைகாலைப் பிடித்து நீட்டச் சொன்னார். நான் ஃபிட்டர், இறுகியதை இளக்கினால் சரியாகும் என்று நம்பினேன். தினமும் காலையில் அரை மணி நேரம், அவள் கத்தக் கத்த நீட்டினேன். சிதம்பரத்தில் விளையாட்டுச் சாமானை முன்னால் வைத்துவிட்டு, அவளாக எடுக்கும்வரை காத்திருப்பார்கள். எனக்கு அது வெட்டிவேலை. நீதான் செல்போன் கடையைப் பூட்டிவிட்டு, வாரம் இரண்டு நாள் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாய்.

"மாமா, பாப்பா கையத் தொறந்து இட்லி எடுத்து சாப்புடுது மாமா!"

"எங்கிட்டயே கத வுடுறியாடா? அந்தக் கை எனக்குத் தெரியாதா?"

நாம் கடைசியாகப் பேசியது அதுதான்.

போன செவ்வாய்க்கிழமை சிதம்பரம் தெரபிஸ்ட் அம்மா என்னை உள்ளே விடவில்லை. "ஜன்னல் பக்கம் நின்னு பாருங்க சார்" என்றார். பவித்ராவின் இடது கை விரல் விரலாகத் திறந்தது. இட்லித் துண்டை எடுத்தாள். பாதி கீழே விழ, மீதியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மூன்றரை வருஷத்தில் நான் பார்க்காத சிரிப்பு.

தாங்க முடியாமல் உள்ளே ஓடினேன். என்னைக் கண்டதும் அந்தக் கை சட்டென்று மூடிக்கொண்டது. கால்கள் விறைத்தன. உதடு பிதுங்கியது. நான் அவளைத் தொடக்கூட இல்லை மச்சான்.

"பயந்தா இன்னும் ஜாஸ்தி இறுகும் சார்" என்றார் அந்த அம்மா. "கடலூர்ல சொன்னது தப்பில்ல. காலுக்கு நீட்டுறதும் வேணும். ஆனா அழ வச்சுப் பண்ணக் கூடாது. கை அவளா செஞ்சாதான் கத்துக்கும். ஒங்க மச்சான்கிட்ட அப்பவே சொன்னேன். 'மாமா மனசு ஒடஞ்சுடும் மேடம், நானே மெதுவா சொல்றேன்'னாரு."

உனக்குத் தெரிந்திருக்கிறது! ஏன்டா சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா?

இப்போது உன் அக்கா சுமதிதான் அவளோடு பேசிச் சிரித்துக்கொண்டே காலை நீட்டிவிடுகிறாள். நேற்று நான் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து பொரி தின்றேன். பவித்ரா வெகுநேரம் என்னையே பார்த்தாள். பொரிக் கிண்ணத்தை நடுவில் நகர்த்தி வைத்தேன். கை நீட்டவில்லை. அழவும் இல்லை.

இனி அவளோடு பஸ் ஏறுவது நான்தான். அவளாகக் கூப்பிடும்வரை என் கை அவள்மேல் படாது. எத்தனை வருஷம் ஆனாலும் காத்திருப்பேன். இது சத்தியம்.

உன் அக்காவைக் கட்டியும் உன் பேச்சைக் கேட்காமல் போன,
உன் மாமா