கை ஆட்டிப் பேசுகிறவர்களுக்கான வாட்ச்

அன்புள்ள சின்னமுள்ளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, சித்தப்பா, பட்டறையில் டிக்டிக்கென்று உயிரை வாங்கும் அத்தனை உருப்படிகளும் நலம். அங்கே நீயும் உன் தலைமுடியும் நலமென்று தெரிந்தால் நிம்மதி. நீ போன தடவை அனுப்பிய படத்தில் முடி பாதியாகத் தெரிந்தது, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையா, இல்லை அந்தக் கண்றாவியைக் காசு கொடுத்து வெட்டிக்கொண்டாளா என்று சித்தப்பா கேட்கிறார், நான் கேட்கவில்லை. நீ அனுப்பிய வாட்ச் பத்திரமாக வந்து சேர்ந்தது. அடிக்கடி நின்றுவிடுகிறது, மற்றபடி இங்கே எல்லாம் நல்லபடி, எல்லோரும் அமைதியானவர்கள் என்று போனில் சொன்னாயே, அதை நான் அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். வேலை நேரத்தில் அவர் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

விஷயம் என்னவென்றால், அதே வாரம்தான் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயாவும் தன் வாட்ச் நிற்கிறது என்று சொல்லியனுப்பியிருந்தார். அப்பா முழுக்க முழுக்கத் தன் சொந்த யோசனையில் செய்த முதல் இரண்டு வாட்ச் இவைதான், ஒன்று உனக்கு, ஒன்று ஐயாவுக்கு. சாவி கொடுக்கவே வேண்டாம், கை அசைய அசைய உள்ளே ஒரு தகடு சுழன்று தானாகவே சாவி ஏறிவிடும் என்று எத்தனை வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டார் என்று உனக்குத் தெரியும். நம் வீட்டு வழக்கப்படி இரண்டுமே என் கையில் கிடந்து தேறித்தான் வெளியே போயின. நான் கட்டியிருந்தவரை ஒரு நொடி நிற்கவில்லை. செய்ததே இரண்டு, இரண்டும் படுத்துவிட்டது, இனி ஊரார் வாட்சைப் பழுது பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று அப்பா சொல்லிவிட்டார். பட்டறை வாசல் பலகையைத் துடைக்கப்போகிறேன் என்று ஏணியில் ஏறினார், துடைக்கிறவர் ஆணியை எதற்குப் பிடுங்க வேண்டும்? எங்கள் குடும்பத்தின் சொந்தத் தயாரிப்பு என்ற அந்தப் பலகை நாலு நாள் கட்டிலுக்கடியில் கிடந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. சித்தப்பாவுக்கு மட்டும் இறங்கியது.

ஐயா வீட்டுக்கு வாட்சைத் திருப்பி வாங்கப் போன அப்பாவோடு நானும் ஒட்டிக்கொண்டேன். தனியாகப் போனால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடுவார். ஐயா சோபாவில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். வலது கை தேநீர்க் கோப்பையில், இடது கை சோபாவின் கைப்பிடியில் வைத்தது வைத்தபடி. ஒரு ஈ வந்து அந்த மணிக்கட்டில் உட்கார்ந்தது, வாட்சைச் சுற்றிப் பார்த்தது, தானாகவே எழுந்து போனது. ஈக்கு வாய்தா கொடுத்திருப்பார் போலிருக்கிறது. உங்கள் தயாரிப்பு ஒரு சோம்பேறி என்று அவர் மெதுவாகச் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாரைச் சோம்பேறி என்கிறீர்கள், என் கையில் நிற்காத வாட்ச் உங்கள் கையில் நிற்கிறதென்றால் குறை கையிலா வாட்சிலா என்று கேட்டுவிட்டேன். நான் பேசினால் என் கை எங்கெல்லாம் போகும் என்று உனக்குத் தெரியும், அவர் வீட்டுப் பூச்சாடி பிழைத்தது அதன் அதிர்ஷ்டம். நீங்கள் சொல்வது சாட்சியமே இல்லை, வெறும் சத்தம் என்றார் ஐயா. சத்தமா என்று எழுந்தேன். அவரும் எழுந்துவிட்டார். உட்காருங்கள் என்று இடது கையை நீட்டினார், நான் உட்காரவில்லை, மறுபடி நீட்டினார், ஆட்டினார், வீசினார். உன் அப்பா எனக்குப் பரிந்துகொண்டு வருவார் என்று பார்த்தால், அந்த மனுஷன் ஐயாவின் கை போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். திடீரென்று, ரெண்டு பேரும் வாயை மூடுங்கள் என்று கத்தினார். உன் அப்பா கத்தி நீ கேட்டிருக்கிறாயா? நானே கேட்டதில்லை. மூடினோம். வாட்ச் ஓடுகிற சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து ஓடிவந்த ஐயாவின் மனைவி, இவர் கை இவ்வளவு உயரம் போகும் என்று எனக்குத் தெரியாதே என்றார்.

வரும் வழியெல்லாம் அப்பா தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். என் கை ஆட்டத்தை வைத்தே கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார், உலகமே உன்னை மாதிரித்தான் பேசும் என்று நினைத்துவிட்டேன் என்கிறார். இது பாராட்டா ஏச்சா என்று இன்னும் நான் முடிவு செய்யவில்லை. பலகை திரும்ப மேலே ஏறிவிட்டது, கொஞ்சம் கோணல். அதிகம் அசையாத கைக்கும் சாவி ஏறுகிற மாதிரி அடுத்த வாட்சை மாற்றிச் செய்கிறார். அதைச் சோதிக்க என் கை ஆகாதாம், மத்தியானம் தூங்கும் சித்தப்பா கைதான் சரியாம். சித்தப்பாவுக்கு வாழ்நாளில் இப்போதுதான் ஒரு பொறுப்பான வேலை கிடைத்திருக்கிறது, கேட்டால் வேலையில் இருக்கிறேன் என்று சொல்லிப் புரண்டு படுக்கிறார். ஐயாவோ தன் வாட்சை மாற்ற விடமாட்டேன் என்கிறார். தினம் சாயங்காலம் பட்டறைக்கு நடந்தே வந்து, ஜன்னலைத் திறக்க வேண்டும் மூட வேண்டும் என்று என்னோடு மல்லுக்கு நின்று, சாவி ஏற்றிக்கொண்டு போகிறார்.

சிரித்து முடித்த பிறகுதான் அப்பா உன் வாட்சைத் திறந்தார். ஒரு குறையும் இல்லை. இவளுக்கு உன் கையாச்சே, இவள் கையில் எப்படி நின்றது என்று கேட்டார். நீ இங்கே இருந்தவரை பேசிப் பேசி எத்தனை டம்ளரை உடைத்தாய், அப்பாவின் திருகாணித் தட்டைத் தட்டிவிட்டு எத்தனை தடவை நாமெல்லோரும் தரையில் தவழ்ந்தோம். அந்தக் கையில் வாட்ச் நிற்கிறது. ஏண்டி, அங்கே உனக்குச் சண்டை போட ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லையா? நாளெல்லாம் ஆபீஸில் கம்ப்யூட்டரைத் தட்டினால் விரல்தான் அசையும், கை அசையாது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைத்து எழுத ஒன்றுமில்லை. இதையும் சித்தப்பா கைக்கு ஆகிற மாதிரி மாற்றித் தந்துவிடுகிறேன், பிறகு நிற்காது என்றார் அப்பா. வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். நீ பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தால் அது நிற்கட்டும். நின்றால்தானே எங்களுக்குச் சொல்வாய்.

அதனால் வாட்சை இருந்தபடியே அனுப்பியிருக்கிறேன். மேல்வீட்டுக்காரி, பஸ் டிரைவர், உன் மேலதிகாரி, யாராவது ஒருவரோடு நன்றாகக் கை ஆட்டிப் பேசு. வேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு கட்டாதே. உன் வாய்க்கும் கைக்கும் ஓய்வே இல்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே, போனை வலது கையில் பிடி, வாட்ச் கட்டிய இடது கை ஆட்டுவதற்குக் காலியாக இருக்கட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பா தானும் எழுத வேண்டும் என்கிறார், கீழே இடம் விட்டிருக்கிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா

வாட்சில் ஒரு தப்பும் இல்லை. உன் அம்மா எழுதியதில்தான் ஏகப்பட்டது. நான் கத்தவே இல்லை. முதலில் எனக்குப் போன் செய், சண்டை போடலாம்.
அப்பா